பழைய கையும் புதிய மென்பொருளும்



இந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவில் சோழர்கள் இல்லை, பாளையக்காரர்கள் இல்லை. வீடியோ எடிட்டிங் மென்பொருளின் வரலாறு. "டீச்சருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள். என்னிடம் படித்தவர்களில் கல்யாண வீடியோ எடுப்பவர்கள், ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள், தொலைக்காட்சியில் வேலை பார்ப்பவர்கள் என்று ஏழெட்டுப் பேராவது இருக்கிறீர்கள். அதில் ஒருவன் போன மாதம் போனில் புலம்பினான். வேலை செய்யும் இடத்தில் மென்பொருளை மாற்றிவிட்டார்களாம். "பதினெட்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் டீச்சர். இப்ப ஒரு கட் போட எங்க அமுக்கணும்னு தேடறேன். பக்கத்து சீட்டுப் பையனுக்கு இருபத்திரண்டு வயசு. அவன்கிட்ட கேட்டுக் கேட்டு வேலை செய்யறேன். இன்னும் எத்தனை நாளைக்கு என்னை வெச்சிருப்பாங்கன்னு தெரியல" என்றான்.

அன்றைக்கு ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி வைத்தேன். ஆனால் வரலாறு நடத்தியவளுக்கு ஆறுதல் சொல்லத் தெரிந்த வழி ஒன்றுதான். இது இதற்கு முன் யாருக்கு நடந்தது, அவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் பார்ப்பது. தேடினேன். அவன் ஒருவனுக்காக ஆரம்பித்தது, உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டியதாக வளர்ந்துவிட்டது.

முதலில் கத்தரிக்கோல் காலம். சினிமா பிறந்த புதிதில் எடிட்டருக்கு இயந்திரமே கிடையாது. ஃபிலிம் சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கண்ணால் பார்த்து, கத்தரியால் வெட்டி, பசை வைத்து ஒட்டுவார்கள். ஹாலிவுட்டில் அந்த வேலையைச் செய்தவர்களில் பெண்கள் நிறைய. தையல் வேலை மாதிரி, பொறுமையான பொம்பளை வேலை என்று நினைத்துக் கொடுத்தார்கள். அந்தத் 'தையல்காரி'களில் ஒருவரான மார்கரெட் பூத், கிரிஃபித்தின் நிறுவனத்தில் நெகட்டிவ் ஒட்டும் வேலையில் சேர்ந்தவர். பிறகு எம்ஜிஎம் ஸ்டூடியோவின் தலைமை எடிட்டராகப் பல ஆண்டுகள் இருந்தார். ஆன் பாச்சன்ஸ் என்பவர் 1940இல் வந்த படத்துக்காக எடிட்டிங் ஆஸ்கர் வாங்கினார். அந்த விருதை வாங்கிய முதல் பெண் அவர்தான்.

1924இல் மூவியோலா வந்தது. ஐவான் செர்ரூரியர் என்ற டச்சுக்காரர் கண்டுபிடித்தது. உண்மையில் அவர் 1917இல் அதை வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கும் பெட்டியாகத்தான் செய்தார். விலை அதிகம், மிகச் சிலரே வாங்கினார்கள். எடிட்டர்களுக்கு உதவும் என்று ஒருவர் யோசனை சொல்ல, அதை மாற்றி அமைத்தார். டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் ஸ்டூடியோ முதலில் வாங்கியது. காலால் மிதித்தால் ஓடும். தையல் மெஷின் போலச் சத்தம் போடும். கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துப் பழகியவர்கள், இனி ஒரு சின்னக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். சில ஆண்டுகளில் பேசும் படம் வந்தது. படத்தோடு ஒலியையும் இணைத்து ஓட்ட வேண்டிய கட்டாயம் வந்த பிறகு, இயந்திரம் இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது.

பின்னர் மேசை போலப் படுக்கை வாட்டில் ஓடும் ஸ்டீன்பெக், கெம் போன்ற ஜெர்மானிய இயந்திரங்கள் பரவின. அந்த அறைகளில் ஒரு துணித் தொட்டி இருக்கும். மேலே கொக்கிகளில் ஃபிலிம் துண்டுகள் கொடியில் துணி காயப்போட்டது போலத் தொங்கும். வால்பகுதி கீறல் படாமல் தொட்டிக்குள் விழும். அதற்குப் பெயர் 'பின்'. எடிட்டிங் தெரிந்த பிள்ளைகளே, உங்கள் கணினித் திரையில் காட்சிகளைப் பிரித்து வைக்கும் பெட்டிக்கும் 'பின்' என்றுதான் பெயர். வெட்டும் கருவியின் படம் ஒரு சவர பிளேடு. அதைப் பிடித்தே இராத தலைமுறை அதை மௌஸால் சொடுக்குகிறது. பழைய பெயர்களை யாரோ யோசித்துத்தான் விட்டு வைத்திருக்கிறார்கள். கத்தரிக்கோல் காலத்து ஆள் கணினி முன் உட்காரும்போது, தெரிந்த முகம் நாலாவது இருக்க வேண்டும் அல்லவா?

கணினி எடிட்டிங் 1971இலேயே பிறந்துவிட்டது. சிபிஎஸ் தொலைக்காட்சியும் மெமோரெக்ஸ் நிறுவனமும் சேர்ந்து சிஎம்எக்ஸ் 600 என்று ஒன்றைச் செய்தார்கள். ஒளிப் பேனாவால் திரையைத் தொட்டு வேலை செய்யலாம். ஆனால் படம் கறுப்பு வெள்ளை, விலையோ யானை விலை. 1984இல் ஸ்டார் வார்ஸ் எடுத்த ஜார்ஜ் லூகாசின் நிறுவனம் எடிட்ட்ராய்டு என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. லேசர் தட்டுகளில் ஓடும். அதுவும் பரவவில்லை.

பரவியது அவிட். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பில் வார்னர் என்பவர் ஒரு கணினி நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் இருந்தார். நிறுவனத்துக்காக விளம்பர வீடியோ எடிட் செய்யப் போய், அது எவ்வளவு பெரிய தலைவலி என்று பார்த்தார். 1987இல் தானே ஒரு நிறுவனம் தொடங்கினார். 1989இல் அவிட் சந்தைக்கு வந்தது. நம் ஊரும் ரொம்பப் பின்தங்கவில்லை. 1994 பொங்கலுக்கு வந்த கமல் ஹாசனின் மகாநதிதான் அவிட்டில் தொகுக்கப்பட்ட முதல் இந்தியப் படம் என்று சொல்லப்படுகிறது. உங்களில் பலர் அதை டூரிங் டாக்கீஸில் பார்த்திருப்பீர்கள்.

இங்கே ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வால்டர் மர்ச். காட்ஃபாதர் படங்களில் ஒலிக்கு வேலை செய்தவர், அபோகாலிப்ஸ் நவ் படத்தை எடிட் செய்தவர்களில் ஒருவர். இன்றும் நின்றுகொண்டே எடிட் செய்யும் பழக்கம் உள்ளவர். 1996இல் வந்த தி இங்கிலீஷ் பேஷன்ட் படத்தை ஃபிலிமில்தான் எடிட் செய்ய ஆரம்பித்தார். நடுவில் குடும்பத்தில் ஒருவருக்கு உடல்நிலை சரியில்லாமல் போக, வீட்டிலிருந்தே வேலை செய்ய வேண்டி வந்தது. அப்போதுதான், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவிட்டுக்கு மாறினார். பாதி வழியில் வண்டி மாறுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள். அடுத்த ஆண்டு அந்தப் படத்துக்கு எடிட்டிங், ஒலி இரண்டுக்கும் ஆஸ்கர் வாங்கினார். கணினியில் எடிட் செய்யப்பட்டு எடிட்டிங் ஆஸ்கர் வாங்கிய முதல் படம் அது.

எனக்கு அதைவிடப் பிடித்த செய்தி வேறு. ஃபிலிம் காலத்தில் ஒரு காட்சியைத் தேட வேண்டும் என்றால் சுருள் முழுவதையும் ஓட்டித்தான் போக வேண்டும். போகிற வழியில், தேடாத ஒரு காட்சி கண்ணில் படும். 'அட, இது அதைவிட நன்றாக இருக்கிறதே' என்று தோன்றும். கணினியில் அப்படி இல்லை. கேட்டதை மட்டும் உடனே எடுத்துக் கொடுத்துவிடும். நூலகத்தில் ஒரு புத்தகம் தேடப் போய்ப் பக்கத்துப் புத்தகத்தை எடுத்து வருவோமே, அந்தச் சுகம் போய்விட்டது. இந்த இழப்பை மர்ச் தெளிவாகக் கவனித்து எழுதியிருக்கிறார். கவனித்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொரு ஷாட்டிலிருந்தும் சில படங்களை அச்செடுத்து, பலகைகளில் வரிசையாக ஒட்டி, எடிட்டிங் அறைச் சுவரெல்லாம் நிறுத்திவைப்பார். வேலைக்கு நடுவே கண் அந்தப் பலகைகளில் மேயும். கணினி எடுத்துக்கொண்டதைச் சுவரில் திரும்ப வாங்கிக்கொண்டார்.

எல்லோரும் இப்படி உடனே மாறவில்லை. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கும் அவருடைய எடிட்டர் மைக்கேல் கானும், மற்றவர்கள் எல்லாம் கணினிக்குப் போன பிறகும், 2008 வரை ஸ்பீல்பெர்க் படங்களை ஃபிலிமிலேயே வெட்டி ஒட்டினார்கள். 2011இல் வந்த டின்டின், வார் ஹார்ஸ் படங்களில்தான் மாறினார்கள். அவர்களுக்கு அந்த வசதி இருந்தது. "நான் தயாரானதும் மாறுகிறேன்" என்று சொல்லும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அது வாய்க்காதவர்கள் கதைதான் அதே 2011இல் நடந்தது.

அதற்கு முன்கதை கொஞ்சம். அவிட் விலை அதிகம். 1999இல் ஆப்பிள் நிறுவனம் ஃபைனல் கட் ப்ரோ என்ற மென்பொருளை 999 டாலருக்கு வெளியிட்டது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் ராண்டி உபிலோஸ். அடோபி பிரீமியரின் முதல் பதிப்புகளை எழுதியவரும் அவரே. சிறிய ஸ்டூடியோக்களும் தனி ஆட்களும் ஃபைனல் கட்டை எடுத்துக்கொண்டார்கள். நம் மர்ச் 2003இல் கோல்டு மவுன்டன் என்ற பெரிய படத்தையே அதில் எடிட் செய்து, ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். 2010இல் வந்த தி சோஷியல் நெட்வொர்க் அதில் எடிட் ஆகி ஆஸ்கரே வாங்கியது. பத்து ஆண்டுகளில் ஒரு தலைமுறையின் கை அந்த மென்பொருளுக்குப் பழகிவிட்டது.

2011 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் ஆப்பிள் அடுத்த பதிப்பை மேடையில் காட்டியது. கூட்டம் கைதட்டியது. ஜூன் 21 அன்று ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் வெளியானது. எக்ஸ் என்றால் ரோமன் எண்ணில் பத்து, நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். விலை 300 டாலர்தான். ஆனால் அது பழைய மென்பொருளின் அடுத்த பதிப்பே அல்ல. பெயர் மட்டும் பழசு, உள்ளே எல்லாம் புதுசு.

தொழில் தெரியாதவர்களுக்காக ஒன்றை விளக்குகிறேன். பழைய முறையில் காட்சித் துண்டுகள் பஸ் இருக்கை போல. நடுவில் ஒருவர் இறங்கினால் அந்த இடம் காலியாக இருக்கும், மற்றவர்கள் நகர மாட்டார்கள். புதியதில் அது ரேஷன் கடை வரிசை. நடுவில் ஒருவர் போனால் பின்னால் இருப்பவர்கள் தாமாக முன்னே வந்து ஒட்டிக்கொள்வார்கள். இதற்கு 'காந்த டைம்லைன்' என்று பெயர் வைத்தார்கள். புதிதாகக் கற்பவருக்கு இது எளிது. 'அந்தக் காலி இடத்தில்தான் பின்னணி இசையை வைக்கப்போகிறேன்' என்று பத்து ஆண்டுகள் பழகிய கைக்கு, தான் வைத்த பொருள் தானாக நகர்வது பேய் வீட்டில் வேலை செய்வது போல.

இதைக்கூடப் பழகியிருப்பார்கள். பெரிய அடி வேறு. பழைய ஃபைனல் கட்டில் செய்து வைத்த வேலைகளைப் புதியது திறக்கவில்லை. ஒலிக் கலவைக்காரருக்கும் நிறம் சரிசெய்பவருக்கும் கோப்பை அனுப்பும் வழி இல்லை. டேப்பில் பதிந்து கொடுக்கும் வசதி இல்லை. பல கேமராக்களில் எடுத்ததைச் சேர்த்து வெட்டும் வசதி இல்லை. கல்யாண வீடியோ செய்பவர்களே, கடைசியாகச் சொன்னது இல்லாமல் நீங்கள் ஒரு முகூர்த்தத்தை எடிட் செய்ய முடியுமா? அதே நாளில் பழைய பதிப்பின் விற்பனையும் நிறுத்தப்பட்டது. இணையத்தில் கண்டன மனுக்களில் கையெழுத்து குவிந்தது. வீட்டு வீடியோ செய்யும் ஐமூவிக்கு 'ப்ரோ' என்று பெயர் ஒட்டிவிட்டார்கள் என்று கிண்டல் செய்தார்கள். கோனன் ஓ'பிரையனின் இரவு நிகழ்ச்சியில் அவருடைய எடிட்டர்களே இதைக் கேலி செய்து ஒரு துண்டு போட்டார்கள்.

வகுப்பில் வேலூர்ப் புரட்சி நடத்தும்போது ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை எழுந்து, "ஒரு தலைப்பாகைக்காகவா டீச்சர் இவ்வளவும்?" என்று கேட்கும். 1806 ஜூலை 10 ரத்தம் சிந்திய நாள், அதையும் இதையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் அன்று நான் சொன்ன பதில் இங்கும் பொருந்தும். தலைப்பாகை புதிது என்பதற்காக மட்டும் யாரும் கொதிப்பதில்லை. நீ யார், உன் நெற்றியிலும் காதிலும் என்ன இருக்கிறது, அது உனக்கு என்ன அர்த்தம் என்று ஒரு வார்த்தை கேட்காமல் தலையில் கவிழ்த்தார்களே, அதற்குத்தான் கொதித்தார்கள். 2011இல் எடிட்டர்களுக்கும் வந்த கோபம் அந்த ஜாதிதான். 'கிழவர்களுக்குப் புதுசு பிடிக்காது' என்று அன்று எழுதியவர்கள் உண்டு. பிடிக்காததல்ல விஷயம். அவர்கள் செய்துவைத்த பத்து ஆண்டு வேலைக்கும் புதிய வீட்டுக்கும் நடுவில் பாலம் போடவில்லை.

பிறகு என்ன ஆனது? ஆப்பிள் விட்ட வசதிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தது. 2012 ஜனவரியில் பல கேமரா வசதி வந்தது. அதற்குள் பலர் போய்விட்டார்கள். அடோபி நிறுவனம் மாறி வருபவர்களுக்குப் பாதி விலை என்று அறிவித்தது. அதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒன்று இருந்தது. பிரீமியரில் ஒரு தேர்வு உண்டு. அதைச் சொடுக்கினால் விசைப்பலகைக் குறுக்குவழிகள் எல்லாம் பழைய ஃபைனல் கட் மாதிரியே, அல்லது அவிட் மாதிரியே ஆகிவிடும். இன்று பலர் பயன்படுத்தும் டாவின்சி ரிசால்விலும் இந்த வசதி இருக்கிறது. தலை புதிதாகக் கற்றுக்கொள்ளும்வரை கை பழையபடியே வேலை செய்யலாம். பாலம் என்று நான் சொன்னது இதைத்தான்.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 2020இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய கொரியப் படம் பாரசைட் உங்களில் பலருக்குத் தெரியும். அதன் எடிட்டர் யாங் ஜின்மோ அதை எடிட் செய்தது கைவிடப்பட்ட அந்தப் பழைய ஃபைனல் கட் 7இல். எடிட்டிங்குக்கும் பரிந்துரை பெற்றார். 'பழசு செத்துவிட்டது' என்று சொன்னவர்களுக்கு இது பதில். ஆனால் பழசையே பிடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்பதற்கு இது சான்று அல்ல. புதிய மேக் கணினிகளில் அந்த மென்பொருள் ஓடாது. பழைய இயந்திரத்தைப் பேணிக் காப்பாற்றினால்தான் உண்டு.

என் சொந்த அனுபவமும் கொஞ்சம். ஓய்வு பெற்ற பிறகு ஊர்ப் பெரியவர்களிடம் பேசி, அதைச் சின்னச் சின்ன வீடியோவாக இங்கே போட்டு வருவது உங்களுக்குத் தெரியும். அதற்கு நான் பழகிய மென்பொருள் புதிய கணினியில் ஓடவில்லை. பாதி முடித்து வைத்திருந்த ஒன்பது வேலைகள் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டன. அதில் ஒன்று, எங்கள் தெருவில் தறி போட்ட ஒரு பாட்டி பேசியது. அந்தப் பாட்டி இப்போது இல்லை. மூலப் பதிவுகள் பத்திரமாக இருந்ததால் புதிய மென்பொருளில் முதலிலிருந்து திரும்ப உட்கார்ந்தேன். முதல் வாரம் கண்ணீர் வராத குறை. அந்த வாரத்தில்தான் போனில் புலம்பிய பிள்ளையின் குரல் எனக்கு முழுசாகப் புரிந்தது.

எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன். முதலில் விசைப்பலகையை எனக்குத் தெரிந்த பழைய அமைப்புக்கு மாற்றிக்கொண்டேன். பின்னோட்ட ஜே, நிறுத்த கே, முன்னோட்ட எல் என்ற மூன்று எழுத்துகள் ஏறக்குறைய எல்லா மென்பொருளிலும் ஒன்றுதான். அது தெரிந்ததும் பாதி பயம் போனது. அடுத்து, புது வேலையை எடுக்காமல், ஏற்கெனவே முடித்த ஒரு இரண்டு நிமிட வீடியோவையே மறுபடி எடிட் செய்தேன். எங்கே வெட்ட வேண்டும் என்பது முன்பே தெரியும், எப்படி வெட்ட வேண்டும் என்பதை மட்டும் தேடினால் போதும். ஒரே நேரத்தில் இரண்டு கேள்விக்கும் பதில் தேடுவதுதான் ஆளைச் சாய்க்கிறது. மூன்றாவதாக, ஐந்தே ஐந்து வேலைகள்: உள்ளே கொண்டுவருவது, வெட்டுவது, ஓரம் சரிசெய்வது, ஒலியைக் கூட்டிக் குறைப்பது, வெளியே எடுப்பது. மற்ற நூறு பொத்தான்களையும் மூன்று வாரம் தொடவே இல்லை.

இனி போனில் பேசிய என் பிள்ளைக்கு. வால்டர் மர்ச் தன் புத்தகத்தில் ஒரு நல்ல வெட்டுக்கு மதிப்பெண் பிரித்துக் கொடுத்திருக்கிறார். பரீட்சைத் தாள் திருத்திய எனக்கு அது மிகவும் பிடித்தது. மொத்தம் 100. உணர்ச்சிக்கு 51. கதை நகர்வுக்கு 23. தாளத்துக்கு 10. பார்ப்பவர் கண் எங்கே போகிறது என்பதற்கு 7. திரையின் தளத்தில் இடத்தொடர்ச்சிக்கு 5. உண்மையான வெளியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதற்கு 4. கூட்டிப் பார், நூறு வந்துவிடும். எந்தப் பொத்தானை அமுக்குவது என்பதற்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை. தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையைக் காட்டுவதா, ஓரமாக நின்று கண்ணைத் துடைக்கும் பெண்ணின் அப்பாவைக் காட்டுவதா என்பது உனக்குப் பதினெட்டு வருடத்தில் வந்தது. பக்கத்து சீட்டுப் பையனுக்கு அது இன்னும் வரவில்லை. அவனிடம் நீ பொத்தானைக் கேள். அவன் உன்னிடம் இதைக் கேட்பான். கேட்காவிட்டால் நீயே சொல்லிக் கொடு.

சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் உட்கார்ந்து மென்பொருள் எழுதும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. புதிதாக ஒன்று செய்யும்போது, பழைய கோப்பைத் திறக்கும் வழியை முதல் நாளே வைத்து வெளியிடுங்கள். 'அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று நீங்கள் தள்ளிவைக்கும் வேலை, எங்கோ ஒருவருடைய பத்து வருட உழைப்பு.

எல்லோருக்கும் வீட்டுப்பாடம் ஒன்று. வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, தாத்தா பாட்டி பேச்சு என்று எடிட் செய்து வைத்திருப்பவை மென்பொருளின் திட்டக் கோப்பாக மட்டும் இருந்தால், இந்த வாரமே முழு வீடியோவாக எம்பி4 வடிவில் எடுத்து, இரண்டு தனித்தனி இடங்களில் வையுங்கள். மூலப் பதிவுகளை அழிக்காதீர்கள். முடித்தவர்கள் கீழே கமென்டில் 'முடித்தேன் டீச்சர்' என்று போடுங்கள். வருகைப் பதிவேடு என்னிடம் இருக்கிறது.